ஒரே டப்பாவில் கொட்டிய மாத்திரைகள்

ஆரணி,
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள கனிக்கு,

அப்பாவும் நானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீ கிளம்பிய அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டு, பிறகு போனில் அரைகுறையாகச் சொன்னதை முதலில் முழுசாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஊர்ச் செய்திகளுக்குள் அது மறுபடியும் போய் ஒளிந்துகொள்ளும். ஜனவரி பத்தொன்பது காலை எட்டு மணி இருக்கும். நீ பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாய், அப்பா எடை பார்க்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் ஒரு கிராம் போகக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் முனியம்மா அக்கா பின்வாசலில் வந்து நின்றார். நமக்கு ஐந்தாவது தெருவில் தறி போட்டிருக்கிற அதே அக்கா, உன் ஆய்வில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட இருநூற்று நாற்பது நெசவாளிகளில் ஒருவர். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. இந்தாம்மா, டாக்டர் பொண்ணு குடுத்த மாத்திர, பதினொண்ணு மிச்சம் கீது, வீணாக்கக் கூடாதுன்னு வச்சிகினு இருந்தோம், அது ஊருக்குப் போறதுக்குள்ள குடுத்துட்டா நம்ம மேல பேச்சு வராது பாரு என்று நீட்டினார். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட தனித்தனி உறையில்தானே கொடுத்தோம், எல்லாருடையதும் எப்படி ஒரே டப்பாவுக்கு வந்தது என்று கேட்டேன். அக்கா சிரித்தார். யாருக்குத் தனித்தனி, எங்க தெருவுல இருவத்திரெண்டு பேரு, மாசாமாசம் குடுத்த அன்னிக்கே ஒண்ணா கொட்டிக்குவோம் என்றார். நீதான அந்த நோட்டீசுல எழுதிக் குடுத்த, பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற மாத்திர, பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லாத மாத்திர, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு, அப்போ ஒருத்தி ஆறு மாசமும் வெறும் மாத்திரையத் துன்னுகினு கால் வலியோட தறிக்குழியில குந்திகினு இருக்கணுமா, அது இன்னா நியாயம், கலந்து எடுத்தா ஆளுக்குக் கொஞ்சமாச்சும் நெஜ மாத்திர வரும் இல்ல என்றார். காலி உறைகளை மட்டும் அவரவர் பெயர் பார்த்து ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்களாம், அதனால்தான் உங்கள் எண்ணிக்கையில் ஒன்றும் குறையாமல் இருந்திருக்கிறது. நான் டப்பாவை வாங்கித் துவரம்பருப்புக்குப் பின்னால் வைத்தேன். முன்னறைக்கு வந்து, ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டாயா என்று உன்னைக் கேட்டேன். ஒன்பது மணிக்குக் கார் போய்விட்டது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நீ இதுவரை என்னைக் கேட்கவில்லை. நீ போய் இருபது நாளாகிறது. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஏதாவது ஒரு காரணம் சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் யோசிக்கவேண்டி வந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்பது முதல் காரணம், அது பொய்யில்லை, ஆனால் அதுதான் காரணம் என்றால் பொய். பட்டம் வாங்கியாகிவிட்டது, மாத்திரை கொடுத்து முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இப்போது சொல்லி யாருக்கு என்ன என்றும் நினைத்தேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதை இந்தக் காகிதத்தில் எழுதவே இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு இருபது வயது, எனக்கு இருபத்தாறு. உன் அம்மா பாக்கியமேரி அக்காவின் படத்துக்குக் கீழே நின்றுதான் நீ முதன்முதலாக என்னைச் சித்தி என்று கூப்பிட்டாய். இந்தப் பதினோரு வருஷத்தில் உன் படிப்பில் ஒரு சொல் குறுக்கே சொன்னதில்லை. கடைசியில், நீ ஏறிப் போகிற நாளில், போகாதே என்று ஆகிவிடுகிற மாதிரி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டுகிறவள் நானாக இருக்கவேண்டுமா என்று பயந்தேன். அதோடு அந்தத் துண்டுப்பிரசுரம் என் கையால் எழுதியது. உங்கள் கல்லூரி கொடுத்த தமிழ் யாருக்கும் புரியவில்லை, நீங்க எழுதித் தாங்க சித்தி, எங்க தெருக்காரங்க படிச்சா மனசுல நிக்கணும் என்று நீ கேட்டாய். நின்றுவிட்டது. நூலகத்தில் நாள் முழுக்க பிறர் எழுதியதை அடுக்கிவைக்கிற எனக்கு, நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை இருபத்திரண்டு பேர் இப்படி ஊன்றிப் படித்தார்கள் என்பதில் ஒரு கள்ளச் சந்தோஷம் கூட இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உன் ஆய்வை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. நம் கோயில் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை நீ அவர்களை வரச்சொல்வாய், நான் பெயர் எழுத வருவேன். வெயிலே படாமல் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் கால் வலி குறைகிறதா, அவ்வளவுதான் கேள்வி. இதற்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதாதா என்று முதலில் நினைத்தேன். நீ கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி, ஸ்டூலிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்வாய், கையில் ஸ்டாப்வாட்ச். என்னம்மா ஸ்கூல்ல தோப்புக்கரணம் போடறாப்பல என்று பெண்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் கண் கடிகாரத்தை விட்டு வராது. யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்ற பட்டியல் சென்னையில் எங்கேயோ பூட்டிக் கிடக்கிறது என்றும், அது கையில் கிடைத்தாலும் நீ பார்க்கமாட்டாய் என்றும், தெரிந்தால் உன் விரலே உன்னை அறியாமல் பட்டனை ஒரு நொடி முன்னே பின்னே அழுத்திவிடும் என்றும் சொன்னாய். அன்று சாயங்காலம் நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எவ்வளவோ படித்திருக்கிறேன், தன்னை அடக்கியவர்கள், ஆசையை விட்டவர்கள் கதையெல்லாம். ஆனால் தன் கையைத் தானே நம்பாமல், உண்மை தன்னைத் தாண்டி வரட்டும் என்று தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிற ஒருத்தி நம் வீட்டில் தட்டு கழுவிவிட்டு விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ரசம் வைக்கப் போய்விட்டேன்.

ஊரில் உன்னைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அப்பாவுக்கு அலுத்துவிட்டது. எம்.பி.பி.எஸ். முடித்தாள், எம்.டி. முடித்தாள், அப்புறம் பி.எச்டி., இப்போது டென்மார்க்கில் போஸ்ட்டாக் என்றால், இன்னும் படிச்சிகினுதான் இருக்குதா, எப்போ சார் வைத்தியம் பாக்கும் என்று கேட்கிறார்கள். மின்வாரியத்தில் அப்பாவோடு வேலை பார்த்த வெற்றிச்செல்வன் அண்ணன், அது படிப்பா வேலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு என்று கடைத்தெருவில் மடக்கிவிட்டாராம். சம்பளம் குடுக்கறாங்க, அதனால வேலை, ஆனா தெரியாததத்தான் செய்யணுமாம், அதனால படிப்பு என்று அப்பா சொல்லியிருக்கிறார். இதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கிறார், அந்த ஊரில் வெயிலே இல்லையாமே, பேசாம அவளே அந்த மாத்திரைய வாங்கித் துன்னச் சொல்லு என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார். படவேட்டு அத்தை ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினாள், நீ இல்லாமல் தின்று தீரவில்லை, சபையில் கொடுத்துவிட்டோம்.

நீ வேலையில் சேர்ந்த ஏழாம் நாள் போன் பண்ணினாய் அல்லவா. புதிதாக வருகிறவர்கள் தங்கள் பெருமையைச் சொல்லவேண்டாம், முந்தைய வேலையில் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்பதுதான் உங்கள் பேராசிரியர் அம்மாவின் வழக்கம் என்றாய். எடை பார்க்கும் மெஷினை ஒருநாள் சரிபார்க்க மறந்ததைச் சொன்னாயாம். அப்புறம் நீ சிரித்துக்கொண்டே, அத விட்டா சொல்றதுக்கு எனக்கு எதுவும் இல்ல சித்தி, தப்பு நடக்க எடமே குடுக்கல என்றாய். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நான் போனை வைத்தேன். பருப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த டப்பாவின் மூடி தெரிந்தது. மறுநாள் நானே கூப்பிட்டுச் சொன்னேன். உன் பக்கம் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அப்புறம் நீ கேட்டது, எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குது, கையால தொடாம ஒரு கவர்ல போட்டுத் தேதி எழுதுங்க சித்தி, எந்த மாசத்திலிருந்து கலந்தாங்கன்னு முனியம்மா அக்கா சொன்னாங்களா. அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. நான்கு மணி நேரத்தில் மூன்று கடிதம் போட்டிருக்கிறாய், சென்னை கைடுக்கு ஒன்று, கட்டுரையை வெளியிட இருந்த பத்திரிகைக்கு ஒன்று, சேர்ந்து எட்டே நாளான இடத்தில் அந்தப் பேராசிரியர் அம்மாவுக்கு ஒன்று. எனக்கும் நகல் அனுப்பினாய். அந்தப் பெண்கள் செய்தது தவறல்ல, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டது என் குறை என்று அதில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். யாரும் உன்னைக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. யாருக்கும் எப்போதும் தெரிந்திருக்காது. பட்டம் கிடைத்தாயிற்று, வேலை கையில். எனக்கு எட்டு நாள் பிடித்ததை நீ நான்கு மணி நேரத்தில் செய்தாய். உன்னை வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, நான் வரும்போதே நீ வளர்ந்திருந்தாய், ஆனாலும் அன்று உன்னைப் பார்த்து நான் பயபக்தியாக இருந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை.

இனி உனக்குத் தெரியாதது. கல்லூரியிலிருந்து இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து உள்ளபடி கேட்டு எழுதப்போகிறார்கள் என்று சொன்னாய். அவர்கள் உண்மையைச் சொன்னால் அந்த ஒரு தெருவைச் சேர்த்து ஒரு முடிவு, விட்டு ஒரு முடிவு என்று இரண்டையும் வெளியிடலாம், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, மறைத்துவிட்டால் எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்லமுடியாமல் இருநூற்று நாற்பது பேரின் ஆறு மாதமும் சந்தேகத்துக்குள் போய்விடும், அதுவரை புது ஆய்வை உன் பொறுப்பில் தருவதைப் பேராசிரியர் தள்ளிவைத்திருக்கிறார் என்றும் சொன்னாய். யாரிடமும் இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது சித்தி, சொன்னால் அதுவும் கலப்படம்தான் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். சரி என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போகிற வழியில் அவர்கள் தெருவைத் தாண்டினேன். முனியம்மா அக்கா வீட்டுக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தது, இந்தப் பக்கம் பத்து கை, அந்தப் பக்கம் பத்து கை, இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு. அக்காவின் வீட்டுக்காரர் வேலு அண்ணன் என்னைப் பார்த்ததும் அறுந்த இழையை முடிந்தபடியே, போலீசு கீலீசு வருமாம்மா என்று கேட்டார். அதெல்லாம் இல்லைங்க என்றேன். அதற்குள் தமிழ்ச்செல்வி முந்திக்கொண்டாள். உனக்குத் தெரியுமே, ஹாலில் எல்லாரையும் சிரிக்கவைப்பாளே அவள்தான். நீங்க ஒண்ணியும் பேஜாராவாதீங்க, நாங்க பேசி வச்சிகினோம், அவங்கவங்க மாத்திரைய அவங்கவங்கதான் துன்னோம்னு இருவத்திரெண்டு பேரும் ஒரே வாயா சொல்லிடுவோம், நம்ம டாக்டர் பொண்ணு வேலைய எவன் புடுங்கறான்னு பாக்கலாம் என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கனி, உன்னைக் காப்பாற்றுவதற்காக அத்தனை பேரும் ஒரு பொய்யைச் சமமாகப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள், மாத்திரையைப் போட்டது மாதிரியே.

உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, உனக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. ஒன்றும் பேசாமல் நான் நிற்பதைப் பார்த்துத் தமிழ்ச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னாத்துக்கு மூஞ்ச அப்படி வச்சிகினு நிக்கிற, ஓ, நீ சித்திதான, அது வேலை போனா உனுக்கு இன்னா போச்சு என்றாள். நூல் பிடித்திருந்த அத்தனை கையும் அப்படியே நின்றது. முனியம்மா அக்கா, ஏய் வாயக் கழுவு என்று அதட்டினார். கார் புறப்பட்ட காலையில் நான் எதற்குப் பயந்தேனோ அதே சொல், தெரு நடுவில். எனக்கு அழுகை வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. ஆமாம், சித்திதான், அதனால்தான் அக்கா குடுத்த டப்பாவ எட்டு நாள் ஒளிச்சி வச்சேன், சொன்னா கெட்ட பேரு வரும்னு, அப்புறம் நானே அதுகிட்ட சொல்லிட்டேன், சொன்ன அன்னிக்கே அது யாரும் கேக்காம மூணு எடத்துக்கு எழுதிப் போட்டுச்சு, இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட கேட்டுகினு இருக்குது என்றேன். ஒரு தெருவில் அத்தனை பேர் முன்னால் நான் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை, உனக்கே தெரியும். அதுவே எழுதிப் போட்டுச்சா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். தமிழ்ச்செல்வி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலு அண்ணன், ஜல்தி ஜல்தி, வெயில் ஏறுது, பட்டு காஞ்சிடும், இழுங்க என்றார். நான் நூலகத்தைத் திறக்கப் போய்விட்டேன். நான் பேசியதும் கலப்படம் என்றால் அதையும் உன் கைடுக்கு எழுதிவிடு, மறைக்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமல் காத்திருப்பதுதான் உன் தொழில் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது, எனக்கு இந்த மூன்று நாளே முடியவில்லை, நீ வருஷக்கணக்காக எப்படி இருக்கிறாய்.

காலையில் வெறும் காபியோடு ஓடாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே, அங்கே அது உறைந்துவிடும் என்று அப்பா எதிலோ படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறார். உன் பி.எச்டி. சான்றிதழை அப்பா போய் வாங்க அதிகாரக் கடிதம் வேண்டுமாம், கையெழுத்துப் போட்டு இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பு, மறந்துவிடாதே. கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். நீ எடுக்கிற வேலை உன்னைவிட நீண்டு நிற்கட்டும். பாக்கியமேரி அக்கா இருந்திருந்தால் சொல்லக்கூடிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் சித்தி
வனிதா

11.2.2026, புதன். கனி, இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நேற்றுக் காலை பத்து மணிக்குக் கோயில் ஹாலில் தொடங்கி மாலை நாலரை வரை விசாரித்தார்கள். முதலில் உள்ளே போனது தமிழ்ச்செல்வி. இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். பத்தொன்பது பேர் மாத்திரைகளை ஒன்றாகக் கொட்டிச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். மூன்று பேர் தங்களுடையதைத் தாங்களே சாப்பிட்டதாகச் சொன்னார்கள். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள்.